பழைய வீடுகளைத் திறந்து காட்டும் நாள்: தன்னார்வலராக நின்றவர்கள் யாராவது உண்டா?

தென்னந்தோப்பு | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ஈத்தாமொழிப் பக்கம், வேலை நாகர்கோவிலில். வருகிற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பழுது பார்த்துச் சரியாக்கிய பழைய கட்டடங்கள் ஐந்தை மக்கள் வந்து பார்க்கத் திறந்து விடுகிறார்கள். தக்கலைப் பக்கம் நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய இரண்டு நாலுகட்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், மிஷனரி காலத்து பங்களா ஒன்று, அப்புறம் நூலகமாக மாறிய ஒரு அறப்புரை (நெல் சேர்த்து வைக்கிற கட்டடம்). தெரிந்த அக்கா கேட்டார் என்று நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கிடைத்த இடம் முதல் வீட்டின் மாடிப்படி. "படிக்கிட்ட நில்லு, வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை சொல்லு" என்று சொல்லி ஏழு பக்கக் குறிப்பு அனுப்பியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. உத்திரம், கழுக்கோல் (கூரைச் சட்டம்), மச்சு (மரத்தட்டு), பத்தாயம் (நெல் பெட்டி) எல்லாம் பாட்டி வாயில் கேட்ட வார்த்தைகள்தான். ஆனால் விரல் நீட்டிக் காட்டச் சொன்னால் முழிப்பேன். இதையெல்லாம் மனப்பாடம் செய்யணுமா? தெரியாததைக் கேட்டால் என்ன சொல்வது? காலை 9 முதல் மாலை 5 வரை நிற்க முடியுமா?

வேளிமலை | திங்கள், இரவு 10.25

மூன்று தடவை நின்றிருக்கிறேன், மூன்றும் வேறு வேறு வீடு. முதலில் அந்த ஏழு பக்கத்தை மடித்து வை தங்கச்சி. அன்றைக்கு உன்னிடம் அதிகம் பேர் கேட்கப் போகிற கேள்வி "பாத்ரூம் எங்கே?". அடுத்தது "இந்த வீட்டை விப்பாங்களா?". அதற்கும் அப்புறம்தான் வீட்டைப் பற்றிய கேள்வி வரும்.

உன் முதல் வேலை வீட்டைக் காப்பது, கதை சொல்வது அதற்குப் பிறகு. மாடி பலகைத் தளமாகத்தான் இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் மேலே நிற்கலாம் என்று வேலை செய்த பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வை. நான் நின்ற வீட்டில் 12 பேர். வாயால் எண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் கணக்கு போய்விட்டது. ஒருவர் ஏறுகிறார், இரண்டு பேர் இறங்குகிறார்கள், நடுவில் ஒரு பாட்டி முட்டுவலி என்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா இதைப் பார்த்துவிட்டு அடுக்களையிலிருந்து ஒரு கை புளியமுத்து கொண்டுவந்து, 12 எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். ஏறுகிறவருக்கு ஒன்று கொடு, இறங்கும்போது திருப்பி வாங்கு, கையில் முத்து இல்லையென்றால் யாரும் ஏறக்கூடாது. அவ்வளவுதான். மத்தியானம் ஒரு சின்னப் பயல் ஒன்றை டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் வரை 11 பேராக வைத்தே ஓட்டினேன்.

இன்னொன்று, சாக்ஸ். செருப்பை எல்லோரும் சொல்லாமலே கழற்றிவிடுவார்கள், நம்ம ஊர்ப் பழக்கம். ஷூ போட்டு வருகிறவர்கள் சாக்ஸோடு உள்ளே வருவார்கள். சிவப்பு ஆக்சைடு தரை தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி கிடக்கும். ஒருத்தர் பூமுகத்தில் (முன்வாசல் மண்டபத்தில்) வழுக்கத் தொடங்கி நடுமுற்றத்து ஓரத்தில் தூணைக் கட்டிப்பிடித்து நின்றார். சாக்ஸையும் கழற்றச் சொல்லிவிடு. நிற்பதற்கு ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள், வெட்கப்படாதே.

முட்டம் காத்து | திங்கள், இரவு 10.31

டோக்கன் மெஷின் விற்கிறவன் வயிற்றில் அடித்துவிட்டீர்களே அண்ணே.

ஓட்டுக்கூரை | செவ்வாய், காலை 6.10

நான் கட்டட வேலைக்காரன். பழைய வீடு பழுது பார்ப்பதில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். இந்த மாதிரி நாட்களில் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். வருகிறவர்கள் தூணில் இருக்கும் பூ வேலையைப் பார்த்து "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுவரை ஒருத்தரும் பார்ப்பதில்லை. எங்கள் உழைப்பில் பாதி சுவரில்தான் இருக்கிறது.

நம்ம பக்கத்துப் பழைய சுவர் பல இடத்தில் வெட்டுக்கல், அதாவது செம்புரைக்கல். அது தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்தால் விடும். மேலே பூசியிருந்த சுண்ணாம்பும் அதே குணம். பிற்காலத்தில் "நல்லா உறுதியா இருக்கட்டும்" என்று அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். நமக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு, தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையும் பெய்யும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழி இல்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கி, உப்புப் பூத்து, வெட்டுக்கல்லை மாவாக உதிர்த்துவிடும். போன வருஷம் ஒரு வீட்டில் சுவரைத் தட்டினேன், டொக் டொக் என்று பொள்ளல் சத்தம். உளியை விட்டு நெம்பினால் சிமெண்ட் ஒரு ஆள் அகலத்துக்குத் தோசை மாதிரி பெயர்ந்து வந்தது. பின்னாலேயே அரைக் கூடை செம்பொடி.

அதை முழுக்க உரித்தெடுத்து, சுவரை மாதக் கணக்கில் சும்மா காயவிட்டு, அப்புறம்தான் சுண்ணாம்பு. நீற்றி ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசுவோம். இது சிமெண்ட் மாதிரி ஒரு நாளில் இறுகாது, காற்றைக் குடித்துக் குடித்துத்தான் இறுகும். வீட்டுக்காரர் தினமும் வந்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது நிக்குமா?" என்பார்.

உன் வீட்டில் எங்காவது ஒரு சாண் இடம் பூசாமல் விட்டிருப்பார்கள் தங்கச்சி, கேட்டுப் பார். உள்ளே இருக்கிற கல் தெரியட்டும் என்றுதான் விடுவது. வருகிறவர்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய், பூசிய பக்கம் ஒரு தடவை, பூசாத பக்கம் ஒரு தடவை கையை வைத்துப் பார்க்கச் சொல். ஏழு பக்கமும் அதில் அடங்கிவிடும்.

கூரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். கழற்றிய பழைய ஓடு இரண்டைக் கேட்டு வாங்கிப் படிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வை. அடியில் கம்பெனி பெயரும் முத்திரையும் பதிந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த பிறகுதான் இந்த மாதிரி ஓடு மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவியது. அதனால் கூரையில் மங்களூர் ஓடு கிடக்கிறது என்றால் அந்த ஓடு 1865-க்குப் பிந்தியது, வீடு அதைவிடப் பழசாக இருக்கலாம். பிள்ளைகள் முத்திரையைத் தடவித் தடவிப் படிக்கும்.

பறக்கை வாத்தியார் | செவ்வாய், காலை 7.45

ஓட்டுக்கூரை அருமையாக எழுதினீர்கள். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சுவரைத் தொடவிடக் கூடாது. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் எண்ணெயும் வியர்வையும் ஏறி அந்த இடம் கறுத்துப் போகும். தனியாக ஒரு வெட்டுக்கல்லில் பாதிக்குச் சுண்ணாம்பு பூசித் தட்டில் வையுங்கள், அதைத் தொடட்டும்.

தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே? "தெரியாது" என்று சொல்லுங்கள். அது ஒரு குறைச்சல் இல்லை. நம் மாவட்டத்தில் பழைய வீடு என்றால் கட்டாயம் ஒரு சுரங்கப்பாதை இருக்கும், அது கட்டாயம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும். இதுவரை நான் கேட்ட சுரங்கங்களை எல்லாம் சேர்த்தால் கல்குளம் தாலுகா பூமிக்குள் போயிருக்க வேண்டும். தயவு செய்து அதைச் சொல்லாதீர்கள்.

முட்டம் காத்து | செவ்வாய், காலை 8.02

சார், சுரங்கம் இல்லாமல் யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்பு பார்க்கவா?

வேளிமலை | செவ்வாய், காலை 8.50

வாத்தியார் சொல்வது சரி, ஆனால் கதையை அடியோடு வெட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். "இந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு உண்டு" என்று பேச்சைப் பேச்சாகவே சொல்லலாம். பத்மநாபபுரத்தில் கறுத்து மின்னுகிற தரையைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அடுக்குவார்கள். அதைக் கேட்ட பிறகுதான் ஆட்கள் குனிந்து தரையையே பார்க்கிறார்கள்.

தங்கச்சி, உனக்கு நல்ல பயிற்சி அதுதான். முந்தின வாரம் ஒரு தடவை அரண்மனைக்குப் போய் வா. திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போ. அறைக்கு அறை ஆள் நிற்பார்கள் இல்லையா, அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று மட்டும் கவனி. ஒரு அறைக்கு ஒரு விஷயம், அதற்கு மேல் இல்லை. பூமுகத்தில் குதிரை விளக்கு, மந்திரசாலையில் மைக்கா பதித்த ஜன்னல். மைக்கா வழியாக வருகிற வெளிச்சத்தில் நின்றுவிட்டு வெளியே வந்தால் கண் கூசும், அங்கே பேச்சே தேவைப்படாது. திரும்புகிற வழியில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறையையும் பார்த்துவிடு. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தலைவராகி 1777-ல் இங்கேயே செத்துப்போனார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது.

"அரண்மனை நம்ம மாவட்டத்தில் இருக்கு, கேரள தொல்லியல் துறை ஏன் பார்க்குது?" என்று உன்னிடமும் ஒருத்தர் கட்டாயம் கேட்பார். 1956 நவம்பர் 1-ல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அரண்மனையின் பராமரிப்பு கேரளப் பக்கமே நின்றுவிட்டது. இந்த இரண்டு வரி போதும். மூன்றாவது வரி பேசினால் அங்கேயே சண்டை வந்துவிடும், பார்த்திருக்கிறேன்.

கருங்கல் | செவ்வாய், இரவு 11.15

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன தடவை இதே மாதிரி ஒரு நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தறவாட்டு (பரம்பரைக் குடும்பத்து) வீட்டுக்குப் போனேன். எந்த வீடு என்று சொல்லவில்லை. அம்மாவைப் பெற்ற என் பாட்டி அந்த வீட்டுக்கு நெல் குத்தப் போனவள். அம்மாவும் சின்ன வயதில் பாட்டியோடு போயிருக்கிறாள். வாசலில் நின்ற பையன் நல்ல பையன்தான், சிரித்த முகம். பூமுகம், தளம், நடுமுற்றம் என்று வரிசையாகக் காட்டினான். "மழை பெய்தால் வீட்டுக்கு நடுவிலேயே பெய்யும், குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்க்கும்" என்று ஆசையாகச் சொன்னான். அம்மா கேட்டாள்: "எங்கள எங்க நிறுத்துவாங்க மக்கா?"

அவனுக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் முகம் வெளுத்துக் குறிப்புத் தாளைப் பார்த்தான். தாளில் அது இல்லை. கொஞ்சம் வயதான இன்னொரு தன்னார்வலர் இதைக் கேட்டுவிட்டு எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கல் உரல் கிடந்தது. அம்மா குனிந்து அதன் விளிம்பைத் தடவி, உள்பக்கம் உடைந்த ஒரு இடத்தில் விரலை வைத்து, "இது அப்பவே இருந்த பொட்டல்" என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து சேரும்வரை பேசவே இல்லை.

மேல்துணி போடுவதற்கே எங்கள் ஆட்கள் எத்தனை வருஷம் அடிபட்டு, 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா அறிவிப்பு வந்தது என்று பள்ளியில் படித்தோம். அந்த அறிவிப்பிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது என்றுதான் இருந்தது. கோயிலுக்குள் போக 1936 நவம்பர் ஆனது. அந்தக் காலத்து வீடுகள்தானே இவை? அல்லது அதற்கும் முந்தியவை. தூண் எந்த மரம் என்று சொல்கிறீர்கள். யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதும் கட்டடத்தின் விஷயம்தானே? வாத்தியார் சார், இதற்கும் "தெரியாது" என்று சொல்லிவிடலாமா?

பறக்கை வாத்தியார் | புதன், காலை 6.30

இல்லையம்மா. இது தெரியும். தெரிந்தே சொல்லாமல் விட்டிருக்கிறோம். நான் எழுதிக் கொடுத்த குறிப்புகளிலும் பின்கட்டு இல்லை.

மச்சுவீடு | புதன், மதியம் 1.20

இதில் ஒரு வீடு எங்கள் குடும்பத்தது என்பதால் எழுதுகிறேன். வேலை நிமித்தம் பெங்களூரில் இருக்கிறேன், வீட்டில் அம்மா மட்டும். கருங்கல் அக்கா சொன்னது மனதைக் கஷ்டப்படுத்துகிறது. ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தோண்டினால் வீட்டைத் திறந்து விடவே யாரும் முன்வர மாட்டார்கள். இந்தக் கூரைக்காக நாங்கள் வயல் விற்றிருக்கிறோம். அதைக் காட்ட ஒரு நாள். அன்றைக்கும் எங்கள் தாத்தா காலத்துக் கணக்கையா எடுப்பது?

இன்னொரு மனக்குறையும் சொல்லிவிடுகிறேன். "பழமையைக் கெடுத்துவிட்டீர்கள், சீலிங் ஃபேன் போட்டிருக்கிறீர்கள்" என்று வருகிறவர்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள். அம்மா அங்கேதான் தூங்குகிறாள். அவளுக்கு வேர்க்காதா?

கருங்கல் | புதன், மதியம் 1.52

ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, யார் வேண்டாம் என்றது. கணக்கு கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் பத்தாயத்தில் கிடந்த நெல்லைத்தான் எங்கள் பாட்டி குத்தினாள். பத்தாயத்தைக் காட்டுவீர்கள் இல்லையா?

ஓட்டுக்கூரை | புதன், மாலை 7.05

வேலைக்காரனாக ஒரு வார்த்தை. பழுது பார்க்கும்போது காசு குறைந்தால் முதலில் கைவிடுவது பின்கட்டைத்தான். முன்னால் பூமுகத்துக்கு மரவேலை, பின்னால் தகர ஷீட். அதனால் பல வீட்டில் காட்ட பின்பக்கமே மிச்சம் இருக்காது. மச்சுவீடு தம்பியின் வீட்டில் பின்பக்கத்துச் சாய்ப்பு (சாய்வாக இறக்கிய கூரை) அப்படியே நிற்கிறது. மர ஆணி அடித்த கழுக்கோல், ஒரு இரும்பாணி கிடையாது. நான்தான் அதில் வேலை செய்தேன். சாதியை விடுங்கள், கட்டட வேலையாகப் பார்த்தாலும் அதைக் காட்டாமல் விடுவது பாவம்.

மச்சுவீடு | புதன், இரவு 9.30

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

குலசேகரம் பிள்ளை | வியாழன், காலை 10.00

இழை திசை மாறுகிறது. தன்னார்வலர்களுக்குச் சாப்பாடு உண்டா இல்லையா? போன தடவை எனக்கு ஒரு ரசவடையும் பாதி டம்ளர் சாயாவும்தான்.

வேளிமலை | வியாழன், காலை 10.20

உண்டு ஓய். இந்தத் தடவை பொதிச்சோறு. மட்டிப்பழமும் தருவார்கள். பங்களாவில் நிற்கிறவர்களுக்கு ஓட்டல் தூரம், கையில் தண்ணீர் கொண்டு போங்கள்.

தென்னந்தோப்பு | (மூன்று வாரம் கழித்து) ஞாயிறு, இரவு 8.15

இப்போதுதான் வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

பத்தரைக்கு மழை பிடித்தது. ஐப்பசி ஆயிற்றே. முற்றத்தில் நின்ற அறுபது எழுபது பேரும் ஒரே தள்ளாக உள்ளே வந்துவிட்டார்கள், எல்லோருக்கும் மாடி பார்க்க வேண்டும். பொறியாளர் 10 பேர்தான் என்று சொல்லியிருந்தார். புளியமுத்து காப்பாற்றியது வேளிமலை அண்ணே. ஒரு மாமா மட்டும் "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பித்தார். "தெரியல மாமா, ஆனா முத்து தீந்து போச்சு" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டதால் அவரும் நின்றார். பத்தும் திரும்பி வந்தது, இப்போது என் பர்ஸில் இருக்கிறது.

நடுமுற்றத்தில் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் கயிறு கயிறாக விழுந்தது. அதுவரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் எதுவும் பேசவில்லை.

மங்களூர் ஓடு பெரிய வெற்றி. சுரங்கத்தைப் பற்றி 14 பேர் கேட்டார்கள், எண்ணினேன். "பேச்சு உண்டு, வழியை யாரும் காட்டல" என்று சொன்னேன். ஒருத்தர் மட்டும் கோபப்பட்டு, தன் தாத்தா அதில் நடந்திருக்கிறார் என்றார். எங்கே தொடங்கும் என்று கேட்டதற்கு, அவருக்கு அவசரமாம், போய்விட்டார். உத்திரத்துக்கும் கழுக்கோலுக்கும் நடுவில் இரண்டு தடவை உளறினேன். வந்திருந்த ஒரு ஆசாரித் தாத்தா படியில் நின்றபடியே கைத்தடியால் காட்டித் திருத்தினார். அப்புறம் அரை மணி நேரம் என் ஸ்டூலில் அவர்தான் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் முத்து மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நான் நின்றது மச்சுவீடு அண்ணன் வீடுதான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பின்கதவு திறந்திருந்தது. பலகை, குறிப்பு ஒன்றும் இல்லை. அண்ணனின் அம்மா ஒரு பெஞ்சைப் போட்டுச் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தார். கூலி நெல் எங்கே அளப்பார்கள், யார் யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சொன்னார். முதலில் குரல் எழும்பவே இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு, கேட்காதவர்களையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

கருங்கல் | ஞாயிறு, இரவு 8.50

அம்மாவைக் கூப்பிட்டேன். "ஒரு தடவ போனது போதும்" என்றுவிட்டாள். நான் மட்டும் வந்தேன், மழைக்கு முன்னால். உன்னிடம்தான் முத்து வாங்கினேன் என்று நினைக்கிறேன், பச்சைச் சுடிதார்தானே?

தென்னந்தோப்பு | ஞாயிறு, இரவு 8.58

ஐயோ அக்கா, சொல்லியிருக்கலாமே! ஆமாம், பச்சைதான்.

ஓட்டுக்கூரை | ஞாயிறு, இரவு 9.40

மழையில் மேற்குச் சுவர் ஒழுகியதா? அதை மட்டும் சொல்லுங்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

மச்சுவீடு | ஞாயிறு, இரவு 10.05

ஒழுகவில்லை மேஸ்திரி. அம்மா இப்போதுதான் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். வாத்தியார் சார் மன்னிக்கவும், அவள் வீட்டுச் சுவர், அவள் தொடுவாள்.

இன்னொன்று, மர வளைவுப் பிடி வைத்த கறுப்புக் குடை ஒன்று மாடியில் கிடக்கிறதாம். யாருடையது?

பறக்கை வாத்தியார் | திங்கள், காலை 6.15

என்னுடையது.